பின்வளவில் தீனிக்கூடா, ஓடைக்கரைக் காடா: ரொறன்ரோக் குளிர்காலத்தில் பறவை பார்க்க எதைத் தேர்வது

நவம்பர் பிறந்து, மேப்பிள் மரங்களின் கடைசி இலைகளும் உதிர்ந்து, பின்வளவு வெறுமையாகத் தெரியத் தொடங்கும் நாட்களில், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வசிக்கும் உறவினர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் பறவைகளைப் பார்க்க விரும்புகிறவர், கடைகளில் ‘பேர்ட் பீடர்’ என்று விற்கப்படும் தீனிக்கூட்டை வாங்கி வீட்டின் பின்னால் தொங்கவிடுவது நல்லதா, அல்லது அந்தச் செலவையும் வேலையையும் தவிர்த்துக் கிழமைக்கு ஒருநாள் அருகிலுள்ள காட்டுப் பாதையில் நடந்து வருவது நல்லதா என்பதே அது. ஒன்பது குளிர்காலங்களாக இரண்டையும் செய்து வருகிறேன். இரண்டும் காட்டும் பறவைகள் வேறு, கேட்கும் உழைப்பும் வேறு. ஆகவே எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை என் அனுபவத்தை வைத்து இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது பலரும் மறந்துவிடும் ஓர் உண்மை, தீனிக்கூட்டுக்கு வரும் பறவைகள் பக்கத்துக் காட்டிலிருந்தே வருகின்றன என்பதாகும். ‘ரவீன்’ எனப்படும் ஓடைப் பள்ளத்தாக்குகள் ரொறன்ரோ நகரத்தினூடாக ஏறத்தாழ 11,000 ஹெக்டேயர் பரப்பில், நகர நிலத்தின் 17 சதவீதம் அளவுக்குப் பரந்து கிடக்கின்றன. பறவைகள் இரவில் ஒதுங்குவதற்கு வேண்டிய ஊசியிலை மரங்களும், இறந்த மரங்களின் பொந்துகளும், பட்டையின் வெடிப்புகளில் ஒளிந்திருக்கும் பூச்சிகளும் அவற்றின் முட்டைகளும் அந்தப் பள்ளத்தாக்குகளில்தான் இருக்கின்றன. தீனிக்கூடு அவற்றின் நாளாந்தச் சுற்றில் ஒரு தரிப்பிடம் மட்டுமே. நாங்கள் முன்னர் இருந்த வீடு, வயல் நிலத்தை அழித்துப் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் இருந்தது; வீதியோரம் நட்டிருந்த மரக்கன்றுகள் ஆள் உயரத்தைச் சற்றே தாண்டியிருந்தன. அங்கே இரண்டு குளிர்காலங்கள் நல்ல விதையாகவே பார்த்துப் போட்டும், சிட்டுக்குருவிகளும், மைனாவின் உறவினமான ஸ்ரார்லிங்குகளும், மண்ணிறப் புறாக்களுமே வந்தன. இப்போதைய வீட்டிலிருந்து ஹைலண்ட் கிறீக் ஓடையின் மரக்கூட்டத்துக்கு நான்கு நிமிட நடை. அதே குழாய் வடிவத் தீனிக்கூட்டைத் தொங்கவிட்டு அதே விதையை நிரப்பினோம். முதற் குளிர்காலத்திலேயே பதினான்கு வகைப் பறவைகள் வந்தன.

அந்தச் சிட்டுக்குருவியைப் பற்றி ஒரு சொல். நமது ஊர் வீடுகளில் சுவரில் மாட்டிய படங்களின் பின்னால் கூடு கட்டிய அதே இனம்தான் அது. 1850களில் நியூயோர்க்கில் கொண்டுவந்து விடப்பட்டு, பின்னர் இந்தக் கண்டமெங்கும் பரவியது. இங்குள்ள பறவை ஆர்வலர்கள் பலர் அதை வெறுக்கிறார்கள். என்னால் அப்படி வெறுக்க முடிவதில்லை. ஆயினும் அதை மட்டும் பார்ப்பதற்காக மாதம் ஒரு பை விதை வாங்குவது யாருக்கும் கட்டுப்படியாகாது.

எனவே தீனிக்கூடு வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, கடைக்குப் போவதற்கு முன்னர் ஒரு காலை எட்டு மணிக்குத் தங்கள் வீதியில் பத்து நிமிடம் மெதுவாக நடந்து பார்க்கவேண்டும் என்பதே. ‘சிக்-அ-டீ-டீ-டீ’ என்று தன் பெயரையே சொல்லிக் கூப்பிடும் சிக்கடீயின் குரல் அந்தப் பத்து நிமிடத்தில் ஒருமுறையாவது கேட்டால், உங்கள் வீட்டுக்கு எட்டும் தொலைவில் மரக்கூட்டம் இருக்கிறது என்று பொருள். குளிர்காலத்தில் பிற சிறு பறவைகளும் சிக்கடீக் கூட்டத்தைச் சேர்ந்தே திரிவதால், அது வரும் இடத்துக்கு மற்றவையும் வந்து சேரும். மூன்று காலை நடந்தும் அந்தக் குரல் கேட்கவில்லையென்றால், விதைக்குச் செலவழிக்கும் பணத்தைக் காட்டுக்குப் போய்வரும் பயணத்துக்குச் செலவழிப்பதே மேல்.

இனி, தீனிக்கூடு எதைக் காட்டுகிறது என்று பார்ப்போம். கரிய தொப்பியும் கரிய தாடியும் வைத்த அந்தச் சிக்கடீயையே எடுத்துக்கொள்ளலாம். அதன் எடை ஏறத்தாழ 11 கிராம். இரண்டு ஒரு டொலர் நாணயங்களை உள்ளங்கையில் வைத்தால் அதைவிடச் சற்றுக் கனமாக இருக்கும். குழாயின் துளைக்கு வந்ததும் அது அங்கேயே இருந்து தின்பதில்லை. ஒரு விதையை எடுக்கிறது, பாரமில்லாவிட்டால் உதறிவிட்டு இன்னொன்றை எடுக்கிறது, எடுத்ததைக் கொண்டு அருகிலுள்ள லைலாக் செடியின் கொப்புக்குப் பறக்கிறது. அங்கே விதையை இரண்டு பாதங்களுக்கும் இடையில் இறுக்கிப் பிடித்து, தலையை முழுதாகப் பின்னுக்கு எடுத்துச் சொண்டால் ஓங்கி ஓங்கிக் குத்துகிறது. யன்னலைச் சற்றுத் திறந்தால் அந்தத் தட்டும் ஓசைகூடக் கேட்கும். கோது பிளந்து பனியில் விழுகிறது. அடுத்த விதையை அது தின்பதில்லை; மதிலோர மரத்தின் பட்டைக்குள் செருகி ஒளித்துவிட்டு வருகிறது. இப்படி ஆயிரக்கணக்கான இடங்களில் ஒளித்துவைத்து, ஏறத்தாழ ஒரு மாதம் வரையில் அந்த இடங்களை நினைவில் வைத்திருக்கக்கூடிய பறவை அது. கடும் குளிர் இரவுகளில் தன் உடல் வெப்பத்தைப் பத்துப் பாகைக்கு மேல் தாழ்த்தி, சேர்த்த கொழுப்பைச் சிக்கனமாக எரித்து விடியும் வரை தாக்குப்பிடிக்கிறது. இவை புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவைதாம்; ஆனால் விதையை ஒளிக்கும் அந்தத் தலையசைப்பைத் தேநீர்க் கோப்பையுடன் ஆறடித் தொலைவில் நின்று நாள்தோறும் பார்ப்பது வேறு அனுபவம்.

எனக்குத் தீனிக்கூட்டின் பெறுமதியை உணர்த்தியவர் என் அம்மா. எண்பது வயதைத் தாண்டிய அவர், முழங்கால் வருத்தம் காரணமாக டிசம்பரிலிருந்து மார்ச் வரை வாசற்படியைத் தாண்டுவதில்லை. டிசம்பர் இறுதியில் இங்கே பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. அந்தப் பகலின் இரு முனைகளிலும், வெளிச்சம் முழுதாக வருவதற்கு முன்னரும் அது மறைகின்ற நேரத்திலும், கார்டினல் சோடி வரும். மற்றப் பறவைகளெல்லாம் அடங்கிய பின்னர் வரும் அந்தச் சிவப்பு ஆணுக்காக அம்மா யன்னலோரம் காத்திருப்பார். “சிவத்தவர் வந்திட்டார் பிள்ளை, பொம்பிளையும் பின்னால நிக்கிறா” என்று அவர் கூப்பிடும்போது சமையலறையில் எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டுப் போவேன். நடக்க முடியாத ஒருவர் வீட்டில் இருந்தால், காட்டையும் தீனிக்கூட்டையும் ஒப்பிட வேண்டிய தேவையே இல்லை. அந்த வீட்டுக்குத் தீனிக்கூடுதான் வேண்டும்.

தீனிக்கூட்டில் பார்ப்பதை எண்ணி எழுதிவைத்தால் அதற்கு அறிவியற் பயனும் உண்டு. 1976இல் லோங் பொயின்ற் பறவை ஆய்வகம் ஒன்ராறியோவில் தொடங்கிய வீட்டுத் தீனிக்கூட்டுக் கணக்கெடுப்பே, 1987இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியற் கூடத்துடன் இணைந்து வட அமெரிக்கா முழுவதற்கும் விரிந்து, இன்று புறொஜெக்ற் பீடர்வொச் என்ற பெயரில் நடக்கிறது. ஒவ்வோர் இனத்திலும் ஒரே பார்வையில் அதிகபட்சமாக எத்தனை தெரிந்தன என்பதை மட்டுமே எழுதவேண்டும். காலையில் மூன்று, மாலையில் நான்கு என்றால் ஏழு என்று கூட்டக்கூடாது, நான்கு என்றே குறிக்கவேண்டும். திரும்பத் திரும்ப வரும் ஒரே பறவையைப் பலவாக எண்ணிவிடாமல் இருக்க இந்த ஒழுங்கு. அம்மா தன் பழைய கணக்குக் கொப்பியில் இதைக் கோடு போட்டு எழுதிவருகிறார்.

காடு காட்டுவது வேறோர் உலகம். தங்க நிற உச்சிப் பட்டையுடைய கிங்லெற் என்ற பறவை ஐந்து, ஆறு கிராம் எடையே உடையது. சிக்கடீ இரண்டு நாணயம் என்றால் இது ஒரே நாணயம். நாள் முழுவதும் ஹெம்லொக், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களின் நுனிகளில் உறைந்து கிடக்கும் சிறு புழுக்களைத் தேடித் தின்றே இது குளிர்காலத்தைக் கடக்கிறது. சூரியகாந்தி விதையை எவ்வளவு கொட்டினாலும் இது உங்கள் வளவுக்கு வராது. மரப்பட்டையின் நிறத்திலேயே இருந்துகொண்டு, அடிமரத்திலிருந்து சுற்றிச் சுற்றி மேலே ஏறும் கிறீப்பரும் பெரும்பாலும் அப்படித்தான். காகமளவு பருத்த, சிவப்புக் கொண்டையுடைய பைலியேற்றட் மரங்கொத்தி நீள்சதுரமாகக் குடைந்த குழிகளைப் பார்க்கவேண்டுமானால் முதிர்ந்த மரங்களிடம்தான் போகவேண்டும். பெப்ரவரியிலேயே, பனி தலையில் விழ விழ முட்டையின் மேல் அமர்ந்திருக்கும் கொம்பு ஆந்தையும் காட்டின் சொத்து.

ஆனால் காடு நம் விருப்பத்துக்குக் காட்டித் தருவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சென்ற சனவரியில் ஒருநாள், மோர்னிங்சைட் பூங்காவில் ஓடையோரமாக ஐம்பது நிமிடம் நடந்தும் ஒரு சிறகசைவையும் காணவில்லை. பனி சப்பாத்தின் கீழ் நொறுங்கும் ஓசை மட்டுமே இருந்தது. திரும்ப எண்ணிய வேளையில் மெல்லிய, ஊசி போன்ற ‘சீ-சீ-சீ’ என்ற குரல் தலைக்கு மேலே கேட்டது. அசையாமல் நின்றேன். சிக்கடீகள் ஏழெட்டு முன்னே வர, தலைகீழாக இறங்கும் நட்ஹச் இரண்டும், டவுனி மரங்கொத்தி ஒன்றும், கிறீப்பர் ஒன்றும், கிங்லெற்றுகள் நான்கும் என்னைச் சுற்றியிருந்த ஹெம்லொக் மரங்களில் நிறைந்துவிட்டன. ஒரு கிங்லெற் என் முகத்துக்கு நேரே, கை நீட்டினால் தொடக்கூடிய கிளையில், ஒரு கணம் தொங்கியபடி இலைக்காம்பின் அடியைக் கிளறியது. உச்சியிலிருந்த மஞ்சள் கோடு விரிந்து சுருங்கியது. மூன்று நிமிடத்தில் எல்லாம் கடந்து போய்விட்டன. ஐம்பது நிமிட வெறுமையையும் மூன்று நிமிட நிறைவையும் ஏற்றுக்கொள்ளக்கூடியவர்களுக்கே காடு பொருந்தும். சிறு பிள்ளைகளை முதன்முதலாகக் கூட்டிச் செல்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்கவேண்டும். விரல் விறைத்த பிள்ளைக்கு அந்த ஐம்பது நிமிடமே நினைவில் நிற்கும்.

தீனி போடுவது பறவைகளுக்கு உண்மையில் உதவுகிறதா என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். விஸ்கொன்சின் மாநிலத்தில் சிக்கடீகளைப் பற்றி நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தீனிக்கூடு கிடைத்த பறவைகளில் 69 சதவீதமும் கிடைக்காதவற்றில் 37 சதவீதமும் குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைத்தன. வேறுபாடு பெரிதும் கடும் குளிர் மாதங்களிலேயே ஏற்பட்டது. அதே ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, நெடுங்காலம் தீனி பெற்ற இடங்களில் அதை நிறுத்தியபோதும் சிக்கடீகள் ஒருபோதும் தீனி பெறாதவற்றுக்கு இணையாகவே பிழைத்தன என்று காட்டியது. ஆகவே ஊருக்குப் போகும்போது மூன்று கிழமை தீனி போடாவிட்டால் பறவைகள் செத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இந்த அச்சம் ஒன்றினாலேயே தீனிக்கூடு வேண்டாம் என்று முடிவெடுத்த இருவரை எனக்குத் தெரியும்.

அஞ்சவேண்டியவை வேறு இருக்கின்றன. முதலாவது கண்ணாடி. இந்த வீட்டுக்கு வந்த முதல் ஆண்டில், அழகாகத் தெரியவேண்டும் என்று குழாயை யன்னலிலிருந்து நான்கு மீற்றர் தள்ளி நட்டோம். பருந்தினத்தைச் சேர்ந்த கூப்பர் வல்லூறு பாய்ந்த ஒரு காலை, கலைந்த பறவைகளில் ஒரு ஜங்கோ நேராகக் கண்ணாடியில் மோதியது. ஓடிப் போய் எடுத்தேன். சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாக, உள்ளங்கையில் இன்னும் சூடாக இருந்தது; கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அந்தச் சாவுக்கு நாங்கள் குழாயை வைத்த இடமே காரணம். தீனிக்கூடு யன்னலிலிருந்து அரை மீற்றருக்குள், அதிகம் போனால் ஒரு மீற்றருக்குள், இருக்கவேண்டும். அவ்வளவு அருகிலிருந்து கிளம்பும் பறவைக்குக் கொல்லும் வேகம் வருவதற்கு இடமில்லை. அல்லது பத்து மீற்றருக்கு அப்பால் இருக்கவேண்டும். ஸ்காபரோ வளவுகளில் பத்து மீற்றர் தள்ளினால் அயலவரின் வேலிக்கு வந்துவிடுவோம் என்பதால், அருகே வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. 1993 முதல் ரொறன்ரோவில் கண்ணாடி மோதல்களைத் தடுக்கப் பாடுபட்டுவரும் பிளாப் அமைப்பு சொல்வதுபோல, கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஐந்து சென்றிமீற்றர் இடைவெளியில் சிறு புள்ளிகளை ஒட்டவும் வேண்டும். ஒரே ஒரு வல்லூறுப் படத்தை ஒட்டுவதால் பயனில்லை.

இரண்டாவது நோய். ஹவுஸ் பிஞ்ச் பறவைகளிடையே 1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தலைநகர்ப் பகுதியில் கண்டறியப்பட்ட கண்நோய், கண்டத்தின் கிழக்குப் பகுதி முழுவதும் பரவியது. நோயுற்ற பறவை குழாயின் துளைக்குள் தலையை நுழைக்கும்போது கண்ணின் கசிவு விளிம்பில் படிகிறது. அடுத்து வரும் பறவை அதில் தலையை உரசுகிறது. மூன்றாம் ஆண்டில், ஒரு கண் வீங்கி முற்றாக மூடிக்கொண்ட பெண் பிஞ்ச் ஒன்று எங்கள் குழாயின் கம்பியிலேயே அரைமணி நேரம் அசையாமல் இருந்தது. அன்றே எல்லாவற்றையும் இறக்கிவிட்டு இரண்டு கிழமை ஒன்றும் வைக்கவில்லை. அதற்குப் பின்னர், இரண்டு கிழமைக்கு ஒருமுறை குழாயைக் கழற்றிச் சவர்க்காரத்தால் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, ஈரம் முழுதும் காயும்வரை உள்ளே வைத்திருந்தே மீண்டும் நிரப்புகிறோம். சுழியத்துக்குக் கீழ் இருபது பாகைக் குளிரிலும் இதைச் செய்யவேண்டும். இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய ஆளில்லாத வீட்டில் தீனிக்கூடு வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அசுத்தமான தீனிக்கூட்டைவிடத் தீனிக்கூடே இல்லாத வளவு பறவைகளுக்கு நல்லது.

வல்லூறைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அதுவும் குளிரில் பசித்திருக்கும் பறவைதான். அதை விரட்டத் தேவையில்லை. இரண்டு மூன்று மீற்றர் தொலைவில் ஓர் அடர்ந்த செடி இருந்தால் சிறு பறவைகளுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும்.

இனித் தீனிக்கூட்டிலேயே எதைத் தேர்வது என்ற கேள்வி. மூன்று நான்கு வகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த பின்னர், கரும் எண்ணெய்ச் சூரியகாந்தி விதை நிரப்பிய நடுத்தரக் குழாய் ஒன்றே முதலில் வாங்கத் தகுந்தது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த விதையின் கோது மெல்லியது, உள்ளே கொழுப்பு மிகுதி. சிக்கடீ, நட்ஹச், பிஞ்ச், கார்டினல் எல்லாம் அதைத் தின்னும். கோடு போட்ட பெரிய சூரியகாந்தி விதையின் கோது தடித்தது. சிறு சொண்டுகளுக்குச் சிரமம். குழாயின் அடியில் வட்டத் தட்டு ஒன்றைப் பூட்டவேண்டும், ஏனெனில் கார்டினலுக்குச் சிறு கம்பியில் பக்கவாட்டாக இருந்து தலையைத் திருப்பித் தின்ன வசதிப்படாது. திறந்த தட்டில் எல்லாப் பறவையும் இலகுவாக வரும். ஆனால் பனி மூடும், எச்சம் விதையில் கலக்கும், அணில் ஒரே இருப்பில் முடித்துவிடும். தட்டுத்தான் வேண்டுமென்றால் ஒருநாளில் முடியக்கூடிய அளவே போடவேண்டும். வீடு போல் கூரை வைத்த மரப்பெட்டி வகையைக் கழுவுவது கடினம் என்பதால் நான் யாருக்கும் சொல்வதில்லை.

கோல்ட்பிஞ்ச் பறவைகளுக்கென்று விற்கப்படும் மெல்லிய கரிய விதை நம்மவர்களுக்குத் தெரிந்த பேயெள்ளுதான். எதியோப்பியாவிலும் இந்தியாவிலும் விளைந்து, இங்கே முளைத்துக் களையாகிவிடாதபடி சூடேற்றப்பட்ட பின்னரே அது கடைக்கு வருகிறது. விலை கூடியது, ஈரம் பட்டால் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டாவது ஆண்டுக்குப் பின்னர் யோசிக்கலாம். குளிர்காலத்தில் ஆண் கோல்ட்பிஞ்சின் மஞ்சள் மங்கி மண்ணிறமாகிவிடும் என்பதால், வந்தும் அடையாளம் தெரியாமல் ஏமாறுகிறவர்கள் பலர்.

மரங்கொத்திகளுக்காக வைக்கும் ‘சூவெற்’ கட்டி மாட்டுக் கொழுப்பால் ஆனது. வீட்டில் மாட்டிறைச்சி புழங்காத நம்மவர் பலருக்கு இது மனத்துக்கு ஒவ்வாது; வாங்கி வந்த பின்னர் தெரிந்து சங்கடப்பட்டவர்களும் உண்டு. எங்கள் வீட்டிலும் அம்மாவுக்காக அதை வைப்பதில்லை. அதற்குப் பதிலாக, உப்புச் சேர்க்காத கச்சானைக் கம்பிவலைக் குழாயில் நிரப்பித் தொங்கவிடுகிறோம். டவுனி மரங்கொத்தியும் நட்ஹச்சும் புளூ ஜேயும் அதற்கே வருகின்றன. கொழுப்புக் கட்டி வைக்கும் வீடுகளில் மரங்கொத்தி இன்னும் கூடுதலாக வரும் என்பது உண்மை. எங்களுக்கு இதுவே போதுமாக இருக்கிறது.

மலிவான கலப்பு விதைப் பையைப் பற்றி எச்சரிக்கை தேவை. ஓர் ஆண்டு விலையைப் பார்த்து அப்படி ஒரு பெரிய பை வாங்கினேன். அதில் பாதிக்கு மேல் சிவப்புச் சோளமும் கோதுமையும். இங்குள்ள பறவைகள் சூரியகாந்தி விதையைத் தேடி மற்றதையெல்லாம் கீழே தள்ளிவிட, நிலத்தில் குவிந்த தானியத்துக்கு எலிகள் வந்தன. அயலவர் வந்து முறையிட்டார், அவர் முறையிட்டது நியாயம். ரொறன்ரோ மாநகர விதி 2023 முதல் புறாக்களுக்கும் காட்டு விலங்குகளுக்கும் தீனி போடுவதைத் தடைசெய்கிறது. பாடும் பறவைகளுக்கான தீனிக்கூடு நிலத்திலிருந்து உயரமாகவும் சுத்தமாகவும் இருந்தால் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. புரட்டாதிச் சனியில் காகத்துக்குச் சோறு வைக்கும் நம் வழக்கத்தை இங்கே தொடர விரும்புகிறவர்களும் இதை மனத்தில் கொள்ளவேண்டும். உப்பிட்ட சோறு இங்குள்ள சிறு பறவைகளுக்கு உணவாகாது, இரவில் ரக்கூனையும் எலியையுமே அழைத்துவரும். அணிலைத் தடுக்க, கம்பத்தை மரத்திலிருந்தும் வேலியிலிருந்தும் பத்தடிக்குத் தள்ளி நட்டு, ஐந்தடி உயரத்தில் கூம்பு வடிவத் தகடு ஒன்றைப் பூட்டினால் போதும்.

காட்டைத் தேர்ந்தவர்களுக்கு எந்தக் காடு என்ற தேர்வும் இருக்கிறது. பறவை கையில் வந்து இருப்பதைப் பிள்ளைகள் பார்க்கவேண்டுமென்றால், விற்பி நகரிலுள்ள லின்ட் ஷோர்ஸ் பாதுகாப்புப் பகுதிக்குப் போகலாம். அங்குள்ள சிக்கடீகள் நீட்டிய கையில் வந்து விதை எடுப்பதற்குப் பெயர்பெற்றவை. அந்த நகங்கள் விரல்நுனியைப் பற்றும் மென்மையை ஒருமுறை உணர்ந்த பிள்ளை அதன் பின்னர் குளிரைப் பற்றிப் பேசாது. ஆனால் 2015இல் உருவாக்கப்பட்ட, 79 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்கு விதையைக் கொண்டுபோகக்கூடாது. அங்கே காட்டுயிர்களுக்குத் தீனி கொடுப்பது சட்டப்படி குற்றம். றூஜ் பெரிய மரங்களுக்கும் மரங்கொத்திகளுக்கும் உரிய இடம். மோர்னிங்சைட் பூங்கா பேருந்திலேயே போய்வரக்கூடியது, ஊசியிலை மரங்கள் நிறைந்தது, கிங்லெற் தேடுவோருக்கு நான் முதலில் சொல்வது அதையே. ஏரிக்குள் ஐந்து கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் ரொமி தொம்சன் பூங்கா வாத்துகளுக்கு நல்லது. ஆனால் அங்கே வீசும் காற்று மிகக் கொடியது. எங்கே போனாலும் சப்பாத்தின் அடியில் மாட்டும் முட்பட்டை இல்லாமல் போகக்கூடாது. ஆந்தையைக் கண்டால் தொலைவில் நின்று பார்த்துவிட்டு வரவேண்டும். இடத்தைப் பலருக்கும் அறிவித்தால் மறுநாள் இருபது கமராக்கள் அதன் பகல் உறக்கத்தைக் கெடுக்கும்.

ஆண்டுக்கு ஆண்டு விடை மாறக்கூடும் என்பதையும் சொல்லவேண்டும். வடக்கேயுள்ள பெருங்காடுகளில் ஸ்புரூஸ், பேர்ச் போன்ற மரங்களின் விதை விளைச்சல் பொய்க்கும் ஆண்டுகளில் ரெட்போல், சிஸ்கின், ஈவினிங் குறோஸ்பீக் போன்ற பிஞ்சினப் பறவைகள் கூட்டமாகத் தெற்கே இறங்கும். 1999இலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்ராறியோவின் ரொன் பிற்றவே இலையுதிர் காலந்தோறும் வெளியிட்டு வந்த முன்னறிவிப்பை, இப்போது பிஞ்ச் ஆய்வு வலையமைப்பு தொடர்கிறது. ரெட்போல் வரும் என்று அதில் சொல்லியிருக்கும் ஆண்டில், பேயெள்ளுக் குழாய் வாங்கத் தயங்குகிறவர் தயங்காமல் வாங்கலாம். 2020-21 குளிர்காலத்தில் அப்படி வந்த கூட்டங்களை மறக்க முடியாது.

என் தீர்ப்பு இதுதான். பகலில் வீட்டில் ஒருவர் இருந்து, மரக்கூட்டம் அருகிலிருந்து, கழுவும் வேலையை ஒருவர் பொறுப்பேற்றால் தீனிக்கூடு. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பும் குடும்பத்துக்கு, சனி ஞாயிறில் மட்டும் பார்ப்பதற்காக அதை நிரப்பிக் கழுவுவதைவிட, அந்த இரண்டு நாட்களில் ஒரு காலையைக் காட்டுக்குக் கொடுப்பது நல்லது. தொடர்மாடிகளில் பெரும்பாலும் கட்டட நிர்வாகமே பல்கனியில் தீனி வைக்க விடாது, அவர்களுக்கும் காடுதான். முடிவெடுக்க முடியாதவர்கள், 1900ஆம் ஆண்டில் ரொறன்ரோ உட்பட 25 இடங்களில் தொடங்கி இன்றும் டிசம்பர் 14க்கும் சனவரி 5க்கும் இடையில் நடைபெறும் கிறிஸ்மஸ் பறவைக் கணக்கெடுப்பில் ஒருநாள் சேர்ந்து பார்க்கலாம். அனுபவமுள்ளவர்களுடன் காட்டில் நடக்கலாம். கணக்கெடுப்பு வட்டத்துக்குள் வீடு இருந்தால் யன்னலோரம் இருந்தும் எண்ணித் தரலாம்.

இந்த ஆண்டு கேட்டவர் என் சித்தியின் மகன். மோல்வேர்னில் ஒரு வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியில், இரவு வேலை செய்துகொண்டு, எட்டு வயது மகளுடன் இருக்கிறார். யன்னல் நிலமட்டத்தில் இருக்கிறது, வளவு வீட்டுக்காரருடையது. அவருக்குத் தீனிக்கூடு வேண்டாம் என்று சொன்னேன். இரவு வேலை முடிந்து வரும் சனிக்கிழமைக் காலையில், நித்திரைக்குப் போகும் முன்னர், மகளுடன் றூஜ் பக்கம் ஒரு மணித்தியாலம் நடந்து வரச் சொல்லி, என்னிடமிருந்த பழைய தொலைநோக்கியையும் இரண்டு சோடி முட்பட்டையையும் கொடுத்தேன். சனவரியில் ஒருநாள் லின்ட் ஷோர்ஸ் போவதற்கு மட்டும், கோது நீக்கிய சூரியகாந்தி விதை கொஞ்சம் ஒரு போத்தலில் போட்டுப் பிள்ளையின் கையில் தனியாகக் கொடுத்திருக்கிறேன்.